தாயின் பெயர் என்ன என்று கேட்டார்கள்

பத்தாம் வகுப்பு பாதியில் என் மகன் பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டான். ஒரே நாளில் இல்லை. முதலில் திங்கட்கிழமைகளில் வயிற்றுவலி வந்தது. அப்புறம் வியாழன், வெள்ளி. ஜனவரி முடிவதற்குள் அறைக் கதவைத் திறப்பதே அபூர்வம் என்றாகிவிட்டது. நடுராத்திரி அவன் பாத்ரூம் போகிற காலடிச் சத்தம் கேட்டால், "சரி, எழுந்தாவது நடக்கிறான்" என்று போர்வைக்குள் எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொள்வேன்.

நாங்கள் இருப்பது நியூயார்க் நகரத்துக்கு வடக்கே, வெஸ்ட்செஸ்டர் கவுன்டியில். நான் மதுரைக்காரி, கணவர் யூதர். நான் மதம் மாறவில்லை. தாய் யூதராக இருந்தால்தான் பிள்ளை யூதர் என்பது அவர்களுடைய பழைய சட்டம். அமெரிக்கச் சீர்திருத்தப் பிரிவின் ரபிகள் (யூத மதகுருக்கள்) 1983-இல் அதைத் தளர்த்தினார்கள். தாய், தந்தை இருவரில் ஒருவர் யூதராக இருந்து, பிள்ளையும் அந்த முறையில் வளர்ந்தால் போதும் என்று. அந்தத் தீர்மானத்தின் புண்ணியத்தில் என் மகன் 13 வயதில் சபை நடுவே நின்று யூத வேதமான தோராவை வாசித்தான். நானோ கடைசி வரிசையில் உட்கார்ந்து, எப்போது எழுந்து நிற்க வேண்டும் என்பதைப் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துத் தெரிந்துகொள்கிற ஆள். கஷ்டம் என்று வந்தபோது சினகாக்கின், அதாவது அவர்கள் வழிபடும் இடத்தின், கதவைத் தட்டலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

தோன்றியதெல்லாம் மருத்துவக் காப்பீட்டு அட்டையின் பின்னால் இருந்த நம்பர்தான். பதினோரு மனநல ஆலோசகர்களின் பட்டியல் கொடுத்தார்கள். வேலை பார்க்கிற இடத்தில் காரை நிறுத்தி, மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். இரண்டு நம்பர் வேலை செய்யவில்லை. ஒருவர் ஓய்வு பெற்றுவிட்டார். மூன்று பேர் எங்கள் காப்பீட்டை ஏற்பதை நிறுத்தியிருந்தார்கள். மற்றவர்கள் பதின்வயதுப் பிள்ளைகளுக்கு இடமில்லை, அல்லது நான்கு மாதம் காத்திருக்க வேண்டும் என்றார்கள். ஒரு கிளினிக்கில் 14 பக்கப் படிவம் வாங்கி, தொலைத்து, மறுபடி நிரப்பச் சொன்னார்கள். "உங்கள் பிள்ளையின் பலங்கள் எவை?" என்ற கேள்விக்கு இரண்டாம் முறை பதில் எழுதும்போது எனக்குக் கை ஓடவில்லை.

வீட்டுக்குள்ளேயும் ஒரு மதில் இருந்தது. மாமியார் ஃபுளோரிடாவிலிருந்து, "ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியாதே, ஷாண்டா" என்றார். இத்திஷ் மொழியில் ஷாண்டா என்றால் அவமானம். அதே வாரம் மதுரையிலிருந்து அம்மா, "யாராச்சும் கேட்டா டைபாய்டுன்னு சொல்லும்மா, நாளைக்கு அவனுக்குப் பொண்ணு பாக்கணும்ல" என்றாள். பதினாறு வயசுப் பையனுக்கு. ஒருவரை ஒருவர் இரண்டே முறை பார்த்திருக்கிற சம்பந்திகள், ஒரே பள்ளியில் படித்தவர்கள்போலப் பேசினார்கள். அம்மா குணசீலம் கோயிலுக்கும் கூட்டிப்போகச் சொன்னாள். அங்கே ஒரு மண்டலம் தங்கினால் மனசு தெளியும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. நான் கோபப்படவில்லை. அவளுக்குத் தெரிந்த வழி அது. எனக்குத்தான் எந்த வழியும் தெரியவில்லை.

மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் சினகாக் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு உதவியாளனாக இருந்தான். மத்ரிக் என்பார்கள். மூன்று ஞாயிறு போகவில்லை. அந்தப் பள்ளியின் பொறுப்பாளர் போன் செய்தார். வரவில்லையே என்று கண்டிக்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, "வயிற்றுவலி" என்று ஆரம்பித்தேன். "இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அவனை எங்கே என்று கேட்கிறார்கள்" என்றார். அவ்வளவுதான், உடைந்துவிட்டேன். நான் அழுது முடிக்கும்வரை லைனில் இருந்தார். அப்புறம், "ரபியிடம் நான் சொல்லட்டுமா, நீங்களே சொல்கிறீர்களா, இல்லை யாரும் சொல்ல வேண்டாமா?" என்று கேட்டார். மூன்றில் எதைச் சொன்னாலும் அவர் ஒப்புக்கொண்டிருப்பார் என்று குரலிலேயே தெரிந்தது. நானே சொல்கிறேன் என்றேன்.

2018 அக்டோபரில் பிட்ஸ்பர்க் சினகாக்கில் 11 பேரைச் சுட்டுக் கொன்ற பிறகு இங்கே பல சினகாக்குகளின் கதவில் காவலாள் உண்டு. எங்கள் சபையிலும் துப்பாக்கி வைத்த ஒருவர் நிற்பார். பையைத் திறந்து காட்டி, பெயர் சொல்லி உள்ளே போக வேண்டும். வேலை நாளில், காலை பத்து மணிக்கு, வீங்கிய கண்ணோடு நான் ஏன் வந்தேன் என்று அவர் கேட்கவில்லை. "ரபியின் அறைக்கு இடதுபக்கம் போனால் கிட்ட" என்று மட்டும் சொன்னார். என்னைப்போல் பலரை அனுப்பியிருப்பார் என்று தோன்றியது. அதுவே கொஞ்சம் தெம்பாக இருந்தது.

எங்கள் ரபி ஒரு பெண். உட்கார்ந்ததும் முதலில் சொன்னது, "நான் சிகிச்சை தருகிறவள் இல்லை. கேட்பேன், வேண்டுமென்றால் பிரார்த்தனை செய்வேன், சரியான ஆளிடம் சேர்த்துவிடுவேன்." இதை அவர் தெளிவாகச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. தம்மால் முடியாதது எது என்று முதல் நிமிஷமே சொல்கிற சாமியாரை நான் அதுவரை பார்த்ததில்லை. அடுத்துக் கேட்டார்: "சாக வேண்டும் என்று சொல்லியிருக்கிறானா?"

நான் கேட்டதில்லை. கேட்டால் அந்த எண்ணத்தை நானே ஊட்டிவிடுவேனோ என்று பயம். கேட்பதால் அந்த எண்ணம் வராது, இருக்கிற எண்ணம்தான் வெளியே வரும் என்றார். இன்று இரவே கேளுங்கள், பதில் பயமுறுத்தினால் என்னைக் கூப்பிடுங்கள், அல்லது 988-ஐக் கூப்பிடுங்கள் என்று மேசையிலிருந்த அட்டையை எடுத்துக் கொடுத்தார். 988 என்பது அமெரிக்கா முழுவதற்கும் 2022 ஜூலையில் வந்த நெருக்கடி உதவி எண்.

ஒரு தாயாக இதை நானே சமாளித்திருக்க வேண்டும் என்று ஏதோ முணுமுணுத்தேன். அதற்கு அவர் தல்மூது என்ற யூதர்களின் பழைய சட்ட நூலிலிருந்து ஒரு கதை சொன்னார். ரபி யோஹனான் என்பவர் நோயாளிகளின் கையைப் பிடித்து எழுப்பி விடுவாராம். அவரே நோயில் விழுந்தபோது வேறொரு ரபி வந்து கைகொடுத்து எழுப்ப வேண்டியிருந்தது. ஏன், தன்னைத் தானே எழுப்பிக்கொள்ள வேண்டியதுதானே? கைதி தன்னைத் தானே சிறையிலிருந்து விடுவித்துக்கொள்ள முடியாது என்கிறது தல்மூது. வேறு யாராவது சொல்லியிருந்தால் உபதேசமாக இருந்திருக்கும். அவர் சொல்லிவிட்டு, மேலே விளக்காமல், டிஷ்யூ பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

அன்று இரவு மகனின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டேன். இருட்டில் ரொம்ப நேரம் கழித்துச் சொன்னான்: "சாகணும்னு இல்லம்மா. இருக்க வேணாம்னு இருக்கு."

மறுநாளே சமூகப் பணியாளரைப் பார்த்தோம். நியூயார்க் பகுதியில் யுஜேஏ ஃபெடரேஷன் என்ற யூத நிதி அமைப்பின் உதவியில் பல சினகாக்குகளுக்கு இப்படிப் பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர்கள் வந்து உட்காருவார்கள். எங்கள் சபைக்கு வாரத்தில் ஒரு நாள் வருவார். எங்களுக்காக நாள் மாற்றி வந்தார். நூலகத்தை ஒட்டிய மழலையர் வகுப்பறைதான் அவருடைய அலுவலகம். ஆறடி வளர்ந்த என் மகன் ஓரடி உயர நாற்காலியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சுவரில் வண்ணத் தாளில் ஹீப்ரு எழுத்துகள். அவர் என்னையும் கணவரையும் வெளியே அனுப்பிவிட்டு அவனோடு ஒரு மணி நேரம் பேசினார். பிறகு எங்களைக் கூப்பிட்டு வீட்டில் செய்ய வேண்டியதைச் சொன்னார். மருந்துகள் எல்லாம் பூட்டுப் போட்ட பெட்டிக்குள். மனசு இருண்டால் யாரிடம் முதலில் சொல்வது, அவர் கிடைக்காவிட்டால் யார் என்று அவன் கைப்படவே ஒரு தாளில். அவன் எழுதிய முதல் பெயர் என்னுடையது இல்லை, அவன் பெரியப்பாவுடையது. வலித்தது. ஆனால் உண்மையை எழுதியிருக்கிறான் என்று நிம்மதியாகவும் இருந்தது.

அந்தப் பெண்மணி செய்த பெரிய உதவி, எனக்குப் பதிலாக போன் செய்ததுதான். எந்த இடத்தில் எப்போது இடம் காலியாகும், யாரிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். நான் நான்கு மாதம் என்று கேட்ட இடத்தில் அவர் ஒன்பது நாளில் மனநல மருத்துவரைப் பார்க்க வைத்தார். பள்ளிக்குக் கடிதம் எழுதி, வீட்டிலேயே பாடம் நடத்த ஏற்பாடு செய்தார். மருத்துவர் மாத்திரையோடு, வாரம் மூன்று நாள், நாளுக்கு மூன்று மணி நேரம் என்று ஒரு குழுச் சிகிச்சையும் பரிந்துரைத்தார்.

பணம் இடித்தது. காப்பீடு பாதிதான் தாங்கியது. ஹீப்ரு ஃப்ரீ லோன் சொசைட்டி என்று 1892-இலிருந்து நியூயார்க்கில் இருக்கிறது. வட்டியே இல்லாமல் கடன் தருவார்கள். ஏழைக்குக் கொடுக்கும் கடனில் வட்டி வாங்காதே என்ற தோரா வாக்கியம்தான் அதற்கு அடிப்படை. ஜாமீன்தாரர் மட்டும் வேண்டும். வட்டிக்கடைகளைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போய் வளர்ந்தவள் நான், ஜாமீன் என்ற சொல்லே வயிற்றைக் கலக்கியது. ஆனால் சபையில் ஒரு ஓய்வுபெற்ற பல் மருத்துவர், எதற்கு என்றுகூடக் கேட்காமல், வாசற்படியில் நின்றபடியே கையெழுத்துப் போட்டார்.

எல்லாமே இப்படி நடந்தது என்று நினைக்க வேண்டாம். இளைஞர் குழுவுக்கு அனுப்பினோம், அரை மணியில் திரும்பிவிட்டான். ஒரு அம்மாள் கோதுமையை நிறுத்தினால் சரியாகிவிடும் என்று எனக்கு மூன்று மின்னஞ்சல் அனுப்பினார். சபையின் உதவிக் குழுவினர் முதலில் வீட்டுக்கு வந்து பார்க்கிறோம் என்றார்கள். நோயாளியைப் போய்ப் பார்ப்பது யூதர்களுக்குக் கடமை. பார்க்கப் போகிறவர் நோயில் அறுபதில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு போகிறார் என்று தல்மூதில் இருக்கிறது. நம் ஊரில் ஹார்லிக்ஸும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு போவதற்கு இப்படி ஒரு கணக்கு யாரும் போட்டுத் தரவில்லை. ஆனால் மகன் யாரையும் பார்க்கத் தயாராக இல்லை. அதைச் சொன்னதும் வாசலில் ஒரு ஐஸ் பெட்டியை வைக்கச் சொன்னார்கள். செவ்வாயும் வியாழனும் மணி அடிக்காமல் வந்து வைத்துவிட்டுப் போனார்கள். அலுமினியத் தட்டில் நூடுல்ஸ் கூகல், கோழி சூப், மேலே மாஸ்கிங் டேப்பில் "350 டிகிரி, 40 நிமிஷம்". என் குடல்வால் ஆபரேஷனுக்கும் இதே சாப்பாடுதான் வந்தது, இதே கையெழுத்தில். இதற்கும் அதற்கும் அவர்கள் வித்தியாசம் பார்க்கவில்லை.

பிரார்த்தனைதான் கடைசியில் வந்தது. சனிக்கிழமை தோரா வாசிக்கும்போது நோயுற்றவர்களுக்காக மி ஷெபேராக் என்ற பிரார்த்தனையைச் சொல்வார்கள். மனத்துக்கு நலம், உடலுக்கு நலம் என்று கேட்கிற வரி அதில் உண்டு. மனம்தான் முதலில். பெயரைத் தாளில் அச்சடிக்கலாம், வாசிக்க மட்டும் செய்யலாம், அல்லது ரபி மனத்துக்குள் சொல்லிக்கொள்ளலாம், விருப்பம் நம்முடையது. மகனிடம் கேட்டேன். தோளைக் குலுக்கி, "வாசிக்கட்டும்" என்றான். அலுவலகத்துக்கு போன் செய்தேன். அவனுடைய ஹீப்ரு பெயரைக் குறித்துக்கொண்டு, "தாயின் பெயர்?" என்றார் அங்கே இருந்தவர்.

தந்தை பெயரைச் சொல்ல வாயெடுத்தவள் நின்றுவிட்டேன். மற்ற நேரத்தில் தந்தை பெயர் வரும், நோய்க்காக வேண்டும்போது தாயின் பெயர்தான் என்றார். ஊரில் அர்ச்சனை என்றால் என் அம்மா, பெயர், நட்சத்திரம், கோத்திரம் என்று அடுக்குவாள். அங்கேயும் தாயின் பெயரை யாரும் கேட்டதில்லை. மதுரைக் கோயில் அம்மனின் பெயர்தான் எனக்கும். அதை எழுத்துக்கூட்டிச் சொன்னேன். அந்தச் சனிக்கிழமை ரபி அதைத் தடுமாறாமல் வாசித்தார். முன்னாலேயே சொல்லிப் பார்த்திருக்க வேண்டும். கடைசி வரிசையில் என் கணவர் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். வாசலில் காவலாள் நின்றிருந்தது தெரிந்தது. அம்மாவிடம் போனில் சொன்னபோது கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "ஒனக்குப் பேரு வைக்கிறப்பவே சாமி பேரா வைங்கன்னு ஒங்க ஆச்சிதான் சொன்னா" என்றாள். டைபாய்டு பேச்சு அதோடு நின்றது.

அந்த இலையுதிர்காலத்தில் யோம் கிப்பூர் விரதத்துக்கு ஒரு வாரம் முன்பே ரபி அவனைக் கூப்பிட்டு, மாத்திரையைச் சாப்பாட்டோடு போட வேண்டும், பட்டினி கிடக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். உயிரைக் காப்பதற்கு முன் விரதம் நிற்காது என்பது அவர்கள் சட்டம். பிறகு பள்ளிக்கு வாரம் இரண்டு நாள், மூன்று நாள் என்று போனான். இப்போது ஐந்து நாள், சில வாரம் நான்கு.

நோய்ப் பட்டியலில் பெயர் ஒரு மாதம்தான் இருக்கும். மாதக் கடைசியில், தொடர வேண்டுமா என்று கேட்டு மின்னஞ்சல் வரும். இந்த முறை அதை அவனுக்கே அனுப்பினேன். சாயங்காலம் சமையலறைக்கு வந்து ஃபிரிட்ஜைத் திறந்து தயிரை எடுத்தபடி, "பதில் போட்டுட்டேன்" என்றான்.

"என்னன்னு?"

"இன்னும் ஒரு மாசம் இருக்கட்டும்னு."