ஒரு ‘ம்’ கூடிப்போனா

பெரியம்மா பொண்ணு, மடத்துல சிஸ்டரா இருக்குற அக்கா, இத்தாலிக்கு போறா. அதுக்கு முன்னாடி பத்து நாள் எங்க ஊரு தங்கச்சிமடத்துக்கு வந்திருந்தா. நான் கப்பல் கிச்சன்ல இத்தாலிக்காரங்களோட ஆறு வருசம் கெடந்தவன்ல, இத்தாலியன் சொல்லிக்குடுக்க என்னைய வாத்தியாராக்கிட்டாங்க.

அவளுக்கு தெனமும் வேணும்னு ப்ரெகாரேயில ஆரம்பிச்சோம், ஜெபிக்கிறதுன்னு அர்த்தம். நாங்க ஜெபிப்போம்னா ப்ரெ-கெ-ரே-மோ. அதே ப்ரெ-கெ-ரெம்-மோ ஆச்சுன்னா, ஜெபிப்போம்தான் ஆனா... அப்படின்னு இழுக்குற மாதிரி ஆயிரும், நோயாளிகிட்ட போய் அப்படி சொன்னா எப்படி இருக்கும்! ஒத்த ம்-முன்னா ரே நீளும், ரெட்ட ம்-முன்னா ரெ குறுகும், அசையும் அங்கதான் ஒடையும். வலைக்கும் வல்லத்துக்கும் (நாட்டுப்படகு) வித்தியாசம் தெரிஞ்ச ஊரு, இத ஒரே நாள்ல புடிச்சுட்டா. (ரெ, ரே ரெண்டையும் எழுத்துல பிரிச்சுக் காட்டுன வீரமாமுனிவரும் இத்தாலிக்காரருதான், அத சொன்னதும் அவளுக்கு ஒரே பெருமை.)

சிக்கல் நான் தமிழ்ல எழுதிக் குடுத்த நோட்டாலதான் வந்துச்சு. நம்ம வாய்க்கு ஒத்தையா வந்தா மெதுவா, ரெட்டையா வந்தா வன்மையா சொல்லித்தான் பழக்கம். மீன் பாடுன்னா டு மெதுவா வரும், பாட்டுன்னா வன்மையா வரும்ல. இத்தாலியன்ல அந்தக் கணக்கே கெடையாது. நான் வாசிக்கிறேன்ங்கிறதுக்கு லெக்கோன்னு எழுதுனேன், அவ சக்கரத்துல வர்ற க்க மாதிரியே வாசிச்சா, ஆனா அங்க வேண்டியது சங்குல வர்ற கு சத்தம், அதையே ரெண்டு மடங்கு அமுக்கணும். நான் சொல்றேன்ங்கிறதுக்கு டீகோ, இது நேர் தலைகீழ், ஒத்தை கோதான், ஆனா சக்கரத்து க. ரெண்டு நாள் ரெண்டையும் மாத்தி மாத்திக் கொழப்பிட்டு கடைசில அவளே மெதுவா வர்ற எழுத்து மேலெல்லாம் பென்சில்ல குட்டி குட்டியா சங்கு வரைஞ்சா. எனக்கு இது தோணவே இல்ல பாருங்க.

அழுத்தந்தான் கடைசி வரைக்கும் படுத்துச்சு. பூசையில மன்றாடுவோமாகன்னு சொல்றதுக்கு ப்ரெ-கியா-மோ, அழுத்தம் நடுவுல. அந்தப் பழக்கத்துல அவங்க ஜெபிக்கிறாங்கன்னு சொல்லும்போதும் ப்ரெகானோ, ப்ரெகானோன்னு நடுவுலயே இழுத்தா. மொத அசையில அழுத்தி ப்ரே-க-னோன்னு சொல்லணும். நானும் தொண்டை வத்த கத்துறேன், மூணாவது நாளும் அதே ப்ரெகானோ.

கொல்லையில நெத்திலி காயப்போட்டுக்கிட்டு இருந்த பெரியம்மா அங்கேருந்தே ஒரு சத்தம்: “ஏண்டி, ப்ரேகனோண்டு தம்பி எத்தன தடவ சொல்றான்!”

அச்சு அசலா சரியா இருந்துச்சு.