ஆலை ஒன்று, கடை மூன்று, மென்பொருள் எத்தனை துண்டு?

கிழக்கிலங்கையின் சம்மாந்துறையில் ஓர் அரிசி ஆலையின் மென்பொருளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஆலையும் களஞ்சியமும் அங்கேயே இருக்கின்றன. கடைகள் கல்முனை, அக்கரைப்பற்று, காத்தான்குடி என்று மூன்று ஊரில். வேலை முடிந்த பிறகு இரவில் வெளிவாரிப் பட்டத்துக்குப் படிக்கிறேன். இந்த செமஸ்டரில் எடுத்த பாடம், பல இடங்களில் பரந்து ஓடும் வணிக மென்பொருளைக் கூறுகளாகப் பிரித்துக் கட்டுவது பற்றியது. கொம்போனன்ட் என்று பாடக்குறிப்பு முழுக்க வருமே, அதுதான்.

கூடப் படிக்கிறவர்கள் பலருக்கு இந்தப் பாடத்தில் சலிப்பு. கோர்பா, டீகொம், ஈஜேபி என்று, ஒரு கணினியில் இருந்து இன்னொரு கணினியின் மென்பொருளை அழைக்க வந்த தொழில்நுட்பங்களின் பழைய பெயர்கள். இதையெல்லாம் இப்போது யார் எழுதுகிறார்கள், இன்றைய ஜாவாக் கருவியான ஸ்பிரிங் பூட்டுக்கு நேரே போய்விடலாமே என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆலையின் கணக்கு எப்படி ஓடுகிறது என்பதை இந்தப் பாடம் விளங்கவைத்த அளவுக்கு வேறு எந்தப் பாடமும் எனக்கு விளங்கவைக்கவில்லை. அது ஏன் என்று எழுதிவைக்க வேண்டும்போல் இருந்தது.

கூறு என்றால் என்ன என்பதற்குக் கணினி அறிஞர் கிளெமென்ஸ் சிபர்ஸ்கி 1990களில் தந்த விளக்கத்தைத்தான் இன்றும் படிப்பிக்கிறார்கள். அதன் சாரம் இது. கூறு வெளியே காட்டும் இடைமுகம் ஓர் ஒப்பந்தம்போல் எழுதப்பட்டிருக்க வேண்டும். தான் எதை எதை நம்பி ஓடுகிறது என்பதையும் அது வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். எழுதியவர் பக்கத்தில் இல்லாமலே இன்னொருவர் அதை எடுத்துத் தன் அமைப்பில் பொருத்த முடிய வேண்டும். முதலாவதை எல்லாரும் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். விஷயம் இருப்பது இரண்டாவதில்.

ஆலைக்குள் போனால் இது கண்ணுக்கே தெரியும். நெல்லைத் துப்புரவாக்குவது, கல் பிரிப்பது, உமி நீக்குவது, அரிசி தீட்டுவது எல்லாம் தனித்தனி இயந்திரங்கள், ஒரே கம்பனியில் வாங்கியவையும் அல்ல. தீட்டும் இயந்திரத்தைப் போன வருடம் மாற்றினார்கள். மற்றவற்றில் ஒரு ஆணியைக்கூடக் கழற்றவில்லை. ஆனால் புதிய இயந்திரத்தின் தகட்டில் எத்தனை வோல்ட், எத்தனை கிலோவாட், த்ரீ பேஸா இல்லையா என்று அடித்திருந்ததால்தான் அதை வாங்கவே முடிந்தது. அந்தத் தகடு இல்லாத மென்பொருள்கள்தான் நம்மைச் சுற்றி நிறைய. விலை கணக்கிடும் ஒரு கிளாஸ், அதாவது ஒரு நிரல் துண்டு, யாருக்கும் சொல்லாமல் உள்ளே தரவுத்தளத்தைத் திறக்கும், கணினியின் திகதி எந்த வடிவத்தில் இருக்கிறது என்றும் பார்க்கும். அதை வேறொரு கணினிக்குக் கொண்டுபோனால் நின்றுவிடும். அப்படியானதைக் கூறு என்று சொல்ல எனக்கு மனம் வராது.

மென்பொருளை இப்படிக் கூறுகளாக எடுத்துப் பொருத்தும் ஆசை மிகப் பழையது. 1968 ஒக்டோபரில் ஜேர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ கூட்டிய மென்பொருள் பொறியியல் மாநாட்டில் பெல் ஆய்வகத்தின் டக்ளஸ் மக்கில்ராய் இதையே பேசினார். மற்றத் தொழில்களில் உதிரிப்பாகங்களைப் பட்டியல் பார்த்துத் தெரிவு செய்து வாங்குகிறார்கள், மென்பொருளுக்கு அப்படியொரு தொழில் ஏன் இல்லை என்பது அவருடைய கேள்வி. அதற்குப் பிறகு 1991இல் கோர்பாவின் முதல் பதிப்பு, 1996இல் மைக்ரோசொப்டின் டீகொம், 1998இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸின் ஈஜேபி. வேறு கணினியில் இருக்கும் கூறைப் பக்கத்தில் இருப்பதுபோலவே அழைக்கலாம் என்பதுதான் இந்த மூன்றும் தந்த வாக்கு.

ஈஜேபியில் கூறுக்குப் பெயர் பீன், அதை உள்ளே வைத்து ஓட்டுவது கன்டெய்னர். எனக்குப் பிடித்தது இந்தக் கன்டெய்னர் என்ற எண்ணம். பரிவர்த்தனையை எப்போது தொடங்குவது, எப்போது முடிப்பது, யாருக்கு அனுமதி, ஒரே நேரத்தில் பலர் வந்தால் என்ன செய்வது, இவ்வளவையும் கன்டெய்னர் பார்த்துக்கொள்ளும். நாம் வியாபார விதியை மட்டும் எழுதினால் போதும். எங்கள் ஆலையில் நெல்லின் வகை, நிறை, ஈரப்பதன் மூன்றையும் கொடுத்தால் விலை வர வேண்டும். ஈரம் 14 சதவீதத்தைத் தாண்டினால் விலையில் அதற்கேற்ற கழிவு. எதையும் நினைவில் வைத்திருக்கத் தேவையில்லாத கணக்கு இது, ஆகவே அழைப்புக்கு அழைப்பு எதையும் நினைவில் வைக்காத ஸ்டேட்லெஸ் செஷன் பீனுக்கு அளவாகப் பொருந்துகிறது. நெல் வகை நாடு, சம்பா, கீரிச்சம்பா எதுவானாலும் விதி ஓரிடத்தில்தான் இருக்கிறது.

சறுக்கிய இடம், தரவுத்தளத்தில் உள்ளதைக் காட்டும் என்டிட்டி பீன். முதல் பதிப்புகளில் தரவுத்தளத்தின் ஒவ்வொரு வரியும் வலையமைப்பு வழியாக அழைக்கக்கூடிய ஒரு பொருள் (ஒப்ஜெக்ட்). பெயர் என்ன, பாக்கி எவ்வளவு, கடைசியாக எப்போது கட்டினார் என்று ஒவ்வொன்றாகக் கேட்கலாம். காத்தான்குடிக் கடை சம்மாந்துறைச் சேர்வரிடம் 40 கடன் வாடிக்கையாளரின் விபரத்தை இப்படிக் கேட்டால் என்ன ஆகும்? ஆளுக்கு 5 விபரம் என்றால் 200 அழைப்பு. ஓர் அழைப்பு போய்வர 50 மில்லிசெக்கன் என்று வைத்தாலும் மொத்தம் 10 செக்கன். அதே 200 அழைப்பும் ஒரே கணினிக்குள் நடந்தால் ஆள் உணரும் நேரமே ஆகாது. வாடிக்கையாளர் காசோடு முன்னால் நிற்கும்போது 10 செக்கன் என்பது பெரிய நேரம்.

இந்த வலியிலிருந்துதான் எல்லா விபரத்தையும் ஒரே பொதியாகக் கொண்டுவரும் வழக்கம் வந்தது. 2001இல் வந்த ஈஜேபி 2.0, ஒரே கணினிக்குள் இருப்பவை வலையமைப்பு இல்லாமல் அழைக்க உள்ளூர் இடைமுகத்தைச் சேர்த்தது. 2006இல் வந்த 3.0, என்டிட்டி பீனை ஒதுக்கிவிட்டுச் சாதாரண ஜாவாப் பொருளுக்கே திரும்பியது. பழைய பெயர்கள் என்று தள்ளிவிடுகிறவர்கள் இந்தக் கதையையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறார்கள். இன்று மைக்ரோசேர்விஸ் என்று மென்பொருளைத் தனித்தனியே ஓடும் சிறு சேவைகளாகப் பிரித்து எழுதுகிறவர்களும் அதே 200 அழைப்பை வேறு பெயரில் எழுதிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம்.

சன் நிறுவனத்தில் இருந்த பீற்றர் டொய்ச் 1994இல், பரந்த அமைப்பு கட்டுகிறவர்கள் தம்மை அறியாமலே நம்பிவிடும் ஏழு பொய்களைத் தொகுத்தார். எட்டாவதை ஜாவாவை உருவாக்கிய ஜேம்ஸ் கொஸ்லிங் பின்னர் சேர்த்தார். பட்டியலில் முதலாவது, வலையமைப்பு நம்பகமானது என்பது. கார்த்திகை மார்கழி மழையில் அக்கரைப்பற்றில் கரண்ட் போய்வரும் நாளில் கடையில் நின்றவர்களுக்கு இந்த ஒன்றை யாரும் விளக்கத் தேவையில்லை.

சரி, இணைப்பு அறுந்த நேரத்தில் கடை விற்கலாமா, கூடாதா? எனக்கு இந்தப் பாடம் முழுவதும் இந்தக் கேள்விக்குள் அடங்கிவிட்டது.

பாடக்குறிப்பு முதலில் சொல்வது இரு கட்டக் கொமிட், அதாவது ஒரு மாற்றத்தை எல்லாத் தரவுத்தளத்திலும் எழுதுவது, இல்லாவிட்டால் எதிலும் எழுதாமல் விடுவது. ஒருங்கிணைப்பவர் எல்லாரிடமும் 'தயாரா?' என்று கேட்பார். எல்லாரும் ஓம் என்றால் 'எழுது' என்பார். கணக்கு எங்கும் பிசகாது. ஆனால் ஓம் சொன்ன பிறகு ஒருங்கிணைப்பவரோடு தொடர்பு போய்விட்டால், ஓம் சொன்னவர் அந்த வரியைப் பூட்டி வைத்துக்கொண்டு காத்திருக்கத்தான் வேண்டும். ஒரே கட்டடத்தில் இரண்டு தரவுத்தளம் என்றால் இது நல்ல வழி. சம்மாந்துறைக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையில், ஒரு மூடை விற்பதற்காக இருப்புக் கணக்கைப் பூட்டி வைக்க முடியாது.

ஆலை முதலாளி ஹாஜியாரிடம் இதைக் கேட்டேன். இணைப்பு இல்லாத நேரம் கடையில் விற்பனையை நிறுத்தவா என்று. அவர், “மூடை கண்ணுக்கு முன்னால கிடக்கு மகள். கொம்பியூட்டரக் கேட்டா விக்கிற?” என்றார்.

பாடத்தில் இதுவரை இருந்த முடிச்சு அதோடு அவிழ்ந்தது. கடையில் இருக்கும் மூடைக்குக் கடைதான் பொறுப்பு. லொறியில் இறக்கிக் கையெழுத்து வைத்த நிமிடத்திலேயே அது ஆலையின் இருப்பிலிருந்து கடையின் இருப்புக்கு மாறிவிட்டது. கடை விற்பதற்கு ஆலையின் சேர்வரிடம் அனுமதி கேட்கத் தேவையே இல்லை, நடந்ததைப் பிறகு அறிவித்தால் போதும். அப்புறம் வரிசையில் செய்தியைப் போட்டுவைத்து, இணைப்பு வந்ததும் அனுப்பும் வழி தானாகவே பொருந்துகிறது. ஈஜேபி 2.0 கொண்டுவந்த, வரும் செய்தியை எடுத்து வேலை செய்யும் மெசேஜ் டிரிவன் பீன் இப்படியான வேலைக்கு உரியதுதான்.

கடன் அப்படியல்ல. சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர் ஒருவர் காலையில் கல்முனையில் எடுப்பார், பின்னேரம் அக்கரைப்பற்றில் எடுப்பார். அவருடைய கடன் எல்லை ஒன்றுதான். இணைப்பு இல்லாத கடைக்கு மற்றக் கடையில் நடந்தது தெரியாது. இதற்கு நான் எழுதிய வழி, எல்லையைப் பங்கு பிரிப்பது. ஒருவருடைய மொத்த எல்லையில் ஒரு சிறு பகுதியை ஒவ்வொரு கடைக்கும் முன்கூட்டியே ஒதுக்கிவிடுகிறோம். இணைப்பு இல்லாத நேரம் கடை தன் பங்குக்குள் மட்டும் கடன் கொடுக்கும். எத்தனை கடை தனித்து நின்றாலும் பங்குகளின் கூட்டுத்தொகை எல்லையைத் தாண்டாது. யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை ஹாஜியார் ஒவ்வொரு பெயராக யோசிக்காமலே சொன்னார். அது அவருடைய தொழில் அறிவு. அதை ஒரு கூறுக்குள் வைத்துக் காப்பாற்றுவது என் வேலை.

இதையெல்லாம் யோசித்த பிறகு இடைமுகம் எழுதும் விதமே மாறியது. 'இருப்பிலிருந்து 5 மூடை குறை' என்று ஓர் அழைப்பு வைத்தால், பதில் வராதபோது கடை மறுபடி அனுப்பும், 10 குறையும். 'இன்ன கடையின் இன்ன இலக்கப் பில், இன்ன வகை, இவ்வளவு, இன்ன நேரம் விற்பனையானது' என்று வைத்தால் எத்தனை தரம் வந்தாலும் ஒரு தரம்தான் எழுதப்படும். இரண்டும் ஒரே வேலைக்கான அழைப்புகள், ஆனால் முதலாவது அறுந்த இணைப்பில் பிழைக்காது.

அளவும் அப்படித்தான். விவசாயி புசலில் பேசுவார், லொறிக்காரர் மூடையில், ஆலை கிலோவில். மூடைக்கு மூடை நிறை வேறு. ஆகவே எங்கள் ஒப்பந்தத்தில் கிலோ மட்டும்தான். மற்ற இரண்டும் திரையோடு நின்றுவிட வேண்டும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கூறுகளின் எல்லையும் கணினிகளின் எல்லையும் ஒன்றல்ல. கொள்வனவு, அரைப்பு, இருப்பு, கடன் என்று எங்கள் ஆலையில் நான்கு கூறுகள். நான்கும் தெளிவான இடைமுகத்தோடு, ஆனால் ஒரே சேர்வரில், ஒரே ஓட்டத்துக்குள் இருக்கின்றன. வெளியே நிற்பது கடை மட்டும்தான், ஏனென்றால் அது உண்மையிலேயே வேறு ஊரில் இருக்கிறது. பரந்த பொருள்களுக்கான முதல் விதி அவற்றைப் பரப்பாதே என்பதுதான் என்று மென்பொருள் வடிவமைப்பு நூலாசிரியர் மார்ட்டின் ஃபௌலர் எழுதியதை நான் முழு மனதோடு ஏற்கிறேன். பிரிக்க முடியும் என்பதற்காகப் பிரிப்பதும் தூர வைக்க முடியும் என்பதற்காகத் தூர வைப்பதும் காசுக்கும் நேரத்துக்கும் கேடு.

இந்தப் பாடத்தை இங்கே இருந்து படிக்கிறவர்களுக்கு ஒரு விபரம். பழைய பாடக்குறிப்பில் உள்ள உதாரணங்கள், ஈஜேபியை ஓட்டும் சேர்வர் மென்பொருளான வைல்ட்ப்ளையின் புதிய பதிப்புகளில் ஓடாது. ஈஜேபி அடங்கிய ஜாவா ஈஈ தொகுப்பின் இன்றைய பெயர் ஜகார்த்தா ஈஈ. 2020இல் வந்த அதன் 9ஆம் பதிப்பில் 'ஜாவாஎக்ஸ்' என்று தொடங்கிய பெயர்களை 'ஜகார்த்தா' என்று மாற்றிவிட்டார்கள். முதலில் அதைத் திருத்துங்கள். அப்புறம் இரண்டு மடிக்கணினியும் ஒரு போனின் ஹொட்ஸ்பொட்டும் போதும். ஒன்று ஆலை, ஒன்று கடை. சேர்வர் எழுதி முடித்து, பதில் கடைக்குப் போய்ச் சேருமுன் ஹொட்ஸ்பொட்டை நிறுத்துங்கள். திரும்பப் போட்டதும் கடை அதே பில்லை மறுபடி அனுப்பும். இருப்பு ஒரு தரம் மட்டும் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். எந்தப் பாடக்குறிப்பிலும் இல்லாத விளக்கம் அதில் கிடைக்கும்.

எனக்கு அடுத்து இருப்பது திருப்பிக் கொடுக்கும் மூடை. கல்முனையில் கடனுக்கு எடுத்ததை அக்கரைப்பற்றில் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். பில் ஒரு கடையில், மூடை இன்னொரு கடையில், கடன் சம்மாந்துறையில். கணினி ஆய்வாளர்கள் கார்சியா மொலினாவும் சேலமும் 1987இல் எழுதிய சாகா முறை இதற்குத்தான் என்று தோன்றுகிறது. நடந்ததை அழிக்காமல், அதற்கு ஈடான எதிர்ப்பதிவை ஒவ்வொரு கூறிலும் வரிசையாக எழுதிக்கொண்டு போவது. எந்தக் கூறு முதலில் எழுத வேண்டும் என்பதை இந்தக் கிழமை ஹாஜியாரோடும் கல்முனைக் கடைக் கணக்கப்பிள்ளையோடும் உட்கார்ந்து முடிவு செய்யப்போகிறேன்.