பிசியோ வேறு, பிசியோ உதவியாளர் வேறு

அண்ணாவின் மகள் போன மாதம் திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு விறாந்தையில் வந்து உட்கார்ந்து, "சித்தப்பா, நான் பிசியோ அசிஸ்டன்ட் படிக்கப் போறன்" என்றாள், அதாவது இயன்மருத்துவரின் (பிசியோவின்) உதவியாளராக. ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) பயோ எடுத்தவள், பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற இசட் ஸ்கோர் புள்ளி வந்த நாளிலிருந்து அந்தப் பேச்சையே வீட்டில் யாரும் எடுப்பதில்லை. கையில் ஒரு துண்டுப்பிரசுரம்: ஆறு மாதம், சான்றிதழ், வெளிநாட்டில் வேலை. ஆஸ்பத்திரியில் பயிற்சி எத்தனை கிழமை என்று அந்த இடத்துக்கே போன் போட்டுக் கேட்டேன். "அதெல்லாம் பிறகு பார்க்கலாம், முதலில் பதிவுக் காசைக் கட்டுங்கோ." சரி, விளங்கிவிட்டது.

அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்தபோது இந்த வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். வீட்டுக்கு வந்த பிசியோ முதல் நாள் எங்களைத்தான் அதட்டினார், ஏனென்றால் கட்டிலால் எழுப்புவதற்கு நாங்கள் அம்மாவின் ஏலாத கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தோம், தசை தளர்ந்த தோள்மூட்டு அப்படி இழுத்தால் இடம் விலகிவிடும் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஊன்றுகோல் நல்ல பக்கத்துக் கையில். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஏலாத கால் முதலில். எந்தப் பயிற்சி, எத்தனை தரம், எப்போது கூட்டுவது என்று முடிவெடுத்தது அவர். அதைப் பக்கத்தில் நின்று, விழாமல் பிடித்து, நாளாந்தம் செய்விக்க ஒரு ஆள் வேண்டுமே, அதுதான் உதவியாளரின் இடம்.

அமெரிக்காவில் இதைத் தனித் தொழிலாகவே வைத்திருக்கிறார்கள், முதல் தொகுதி படித்து வெளியேறியது 1969இல். அங்கீகாரம் உள்ள கல்லூரியில் ஏறக்குறைய 2 வருடம், அதில் கால்வாசி நோயாளிகளோடு நேரடிப் பயிற்சி, பிறகு தேசியப் பரீட்சை, மாநில உரிமம். இவ்வளவும் முடித்தாலும் நோயாளியை முதன்முதல் மதிப்பிட்டுச் சிகிச்சைத் திட்டம் போடுகிற அதிகாரம் கிடையாது, அது பிசியோவுடையது. இன்னொன்று, பத்து வருடம் உதவியாளராக இருந்தால் தானாகப் பிசியோ ஆகிவிடலாம் என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். ஆக முடியாது. அங்கே பிசியோவுக்கு இப்போது முனைவர் தரப் பட்டம் வேண்டும், பட்டப்படிப்புக்கு மேலே வழமையாக இன்னும் 3 வருடம். ஏணியில் அடுத்த படி என்று நினைக்காதீர்கள், அது வேறொரு ஏணி.

கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிற மச்சாளிடம் கேட்டேன். அவர் இருக்கிற ஒன்டாரியோ மாகாணத்திலும் 2 வருடக் கல்லூரி டிப்ளோமாதான், அனேகமாக தொழில்வழிச் சிகிச்சை (அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பழக்குகிற சிகிச்சை) உதவியாளர் படிப்பையும் சேர்த்தே படிப்பிக்கிறார்கள், ஆனால் அங்கே உதவியாளருக்கு உரிமம் என்று ஒன்றில்லை, பதிவுபெற்ற பிசியோவின் மேற்பார்வையில்தான் வேலை. ஒரே பெயர், நாட்டுக்கு நாடு வேறு சட்டம். "வெளிநாடு" என்று மொத்தமாக எழுதியிருந்த அந்தத் துண்டுப்பிரசுரத்தில் எந்த நாடு என்று ஒரு வரி இல்லை!

இங்கே இலங்கையில் பிசியோ ஆவதற்கு நேர் வழி பட்டம்தான், கொழும்பிலும் பேராதனையிலும் 4 வருடம், பிறகு மருத்துவச் சபையில் பதிவு. பல்கலைக்கழக அனுமதிக்கு ஏ.எல். மூன்று தரம் எடுக்கலாம், பிள்ளைக்கு இது முதல் தரம். அது வேண்டாமென்றால் என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) தரத்தில் பராமரிப்பாளர் பயிற்சி இருக்கிறது. நல்ல தொழில்தான், ஆனால் அதைப் பிசியோ என்று சொல்லி விற்கிறவர்களிடம் கவனம். எங்கே சேர்வதானாலும் நிறுவனமும் அந்தக் குறிப்பிட்ட படிப்பும் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் காசு. நிறுவனம் பதிவில் இருக்கும், படிப்புக்கு அங்கீகாரம் இருக்காது, அப்படியும் நடக்கும்.

இவ்வளவும் சொல்லி முடித்தபோது அவள் முகம் சுருங்கிவிட்டது, எனக்கும் கொஞ்சம் கூடிப்போச்சோ என்றிருந்தது. அப்புறம் "அப்பம்மாவை இண்டைக்கு நான் நடத்துறன்" என்று எழுந்தாள். விறாந்தையிலிருந்து கேற் வரைக்கும் போய்வர அரை மணித்தியாலம். அம்மா இடையில் மூன்று தரம் கோபித்துக்கொண்டு நின்றா, ஒரு தரம் அழுதா. திரும்பி வந்தவளின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. துண்டுப்பிரசுரம் கதிரையிலேயே கிடந்தது. அடுத்த நாளும் நாலு மணிக்கு வந்தாள்.