மூன்று டியூப் ஒழுகியது, மூன்றும் என் கைவேலை

போன சனிக்கிழமை ஒரு நீராவி ரயில் எஞ்சினின் பாய்லரில் தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றிப் பார்த்தோம். மூன்று டியூப்களில் கசிவு. மூன்றுமே நான் இறுக்கியவை.

வடக்கு வேல்ஸில் ஒரு பழைய குட்டி ரயில் பாதையில், வார இறுதிகளில் சம்பளமில்லாத ஃபிட்டர் நான். இப்போது கையில் இருப்பது லீட்ஸ் நகரத்து ஹன்ஸ்லெட் கம்பெனியின் குவாரி எஞ்சின். நான்கே சக்கரம், குதிரைச் சேணம் மாதிரி பாய்லர் முதுகில் தண்ணீர்த் தொட்டி. 1969இல் மூடிய டினோர்விக் சிலேட்டு குவாரியில் உழைத்தது. அங்கே தண்டவாள இடைவெளி 578 மி.மீ. தான். ஊட்டி ரயிலைப் பொம்மை ரயில் என்கிறோமே, அது 1000 மி.மீ. இதன் பக்கத்தில் அது யானை!

பாய்லரைக் கழற்றி மரக்கட்டைகள்மேல் ஏற்றி, பழைய டியூப்களை அறுத்து எடுத்தது தனிக்கதை. நெருப்பின் சூடு இந்த டியூப்களுக்குள் போகும், சுற்றிலும் தண்ணீர் நிற்கும். ஒரு முனை நெருப்புப் பெட்டியின் செம்புத் தகட்டில், மறுமுனை புகைப்பெட்டிப் பக்கத்து எஃகுத் தகட்டில். நாங்கள் வெல்டிங் வைக்கவில்லை. எக்ஸ்பாண்டர் என்ற விரிக்கும் கருவியை டியூபுக்குள் விட்டு நடுவிலுள்ள கூம்புக் கம்பியைத் திருகினால், மூன்று உருளைகள் விரிந்து டியூபைத் துளையோடு நெருக்கிவிடும். அந்த நெருக்கம்தான் பிடிப்பு. ரொம்பத் திருகினால் செம்பில் துளையே பெரிதாகிவிடும்.

நடுவில் தொடங்கி அங்கொன்று இங்கொன்றாகத் தாவித் தாவி இறுக்கச் சொன்னார் பட்டறைப் பெரியவர். வயதானவர்களின் பழக்கம் என்று நினைத்து, கோலப்புள்ளி மாதிரி வரிசையாகப் போனேன். ஒரு டியூபை இறுக்கும்போது தகடு லேசாக நகர்ந்து, பக்கத்து டியூபின் பிடி தளரும் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

சோதனைக்கு வெதுவெதுப்பான தண்ணீர். குளிர்ந்த தண்ணீர் என்றால் தகடு வியர்க்கும், வியர்வை எது கசிவு எது என்று தெரியாது. உள்ளே துளிக் காற்று இருக்கக்கூடாது. பாய்லர் விட்டுக்கொடுத்தால் தண்ணீர் பீச்சிவிட்டு நின்றுவிடும், காற்று வெடிக்கும். கைப்பம்பால் வேலை அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்கு ஏற்றினோம். இருப்பவர்களில் நான்தான் ஒல்லி. அடியிலிருந்து நெருப்புப் பெட்டிக்குள் தலையும் தோளும் நுழைத்து, டார்ச் அடித்துப் பார்த்தேன். முதல் துளி நெற்றியில் விழுந்தது.

தண்ணீரை இறக்கிவிட்டு, அந்த மூன்றையும் சுற்றியிருந்தவற்றையும் மெல்ல மறுபடி இறுக்கினேன். இரண்டு நின்றுவிட்டன. மூன்றாவது பிடிவாதம். பழைய டியூபை உளியால் பெயர்த்தபோது துளையின் உட்சுவரில் நீளவாக்கில் ஒரு கீறல் விழுந்திருக்க வேண்டும். அதுவும் நான் பெயர்த்ததுதான்.

வரும் சனிக்கிழமை அதை அறுத்தெடுத்து, துளையை எமெரித் தாளால் தேய்த்து, வேறு டியூப் போட வேண்டும். புது டியூபுக்குக் காத்திருக்க வேண்டாம். முதலிலேயே மூன்று கூடுதலாக வாங்கி வைத்திருக்கிறார் பெரியவர். நான் சேர்ந்த வாரத்தில் ஆர்டர் போட்டாராம்.