கேலிப்பர் பின்னுக்கு கிரீஸ் வைத்த அனுபவம்: இரண்டு தடவை செய்தேன், முதல் தடவை தப்பு

வண்டி ஒரு மாதத்துக்கு மேல் மழையில் நின்றுவிட்டது. எடுத்து ஓட்டியதும் முதல் நாலைந்து பிரேக்கில் கரகரவென்று சத்தம். அது டிஸ்க் (சக்கரத்தோடு சுற்றுகிற பிரேக் தட்டு) மேல் படிந்த துரு, பேட் (அந்தத் தட்டை அழுத்திப் பிடிக்கிற கட்டை) உரசினால் தானாகப் போய்விடும் என்று தெரியும், அதனால் கண்டுகொள்ளவில்லை. ஆனால் சத்தம் போன பிறகும் இடது முன்சக்கரம் மட்டும் சூடாகவே இருந்தது. ஓட்டி நிறுத்தியதும் ரிம் பக்கத்தில் கையைக் கொண்டுபோனேன். வலது பக்கம் வெதுவெதுப்பு, இடது பக்கம் அடுப்புக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி அனல்.

ஆறியதும் ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்ட் கொடுத்து, சக்கரத்தைக் கழற்றினேன். (ஜாக்கியை மட்டும் நம்பி இந்த வேலையைச் செய்யாதீர்கள்.) பேட்களைத் தாங்கி டிஸ்க்கைக் கவ்வுகிற கேலிப்பர் மேலெல்லாம் செம்பழுப்புத் துரு. பார்த்ததும் பயந்துவிட்டேன், ஆனால் வார்ப்பிரும்பு என்றால் மேலே துருப்பிடிக்கத்தான் செய்யும், அதனால் பிரேக்குக்கு ஒன்றும் ஆகாது. பேட்டைக் கழற்றியபோதுதான் விஷயம் புரிந்தது. வெளிப்பக்க பேட்டில் 7 மி.மீ. மிச்சம், உள்பக்க பேட்டில் வெறும் 3.

என் வண்டியில் இருப்பது நகரும் கேலிப்பர். பிஸ்டன் உள்பக்கம் மட்டும்தான் உண்டு. அது உள் பேட்டை டிஸ்க்கில் அழுத்தும்போது, கேலிப்பர் மொத்தமும் இரண்டு பின்கள் (உருண்டையான எஃகுத் தண்டுகள்) மேல் வழுக்கி உள்ளே நகர்ந்து வெளிப் பேட்டையும் இழுத்துப் பிடிக்கும். பின் இறுகிப்போனால் வெளிப் பேட் வேலை செய்யாமல் சும்மா இருக்கும், உள் பேட் பிடித்ததை விடாமல் உரசிக்கொண்டே தேயும். என் வண்டியில் ஒரு பின் விரலால் இழுத்தாலே வந்தது. இன்னொன்றைக் குறடு போட்டுத் திருகித் திருகித்தான் எடுத்தேன். காய்ந்து பிசினாகிப்போன பழைய கிரீஸும் துருவும் சேர்ந்து அப்பியிருந்தது.

இங்கேதான் தப்புச் செய்தேன். வீட்டில் பேரிங்குக்குப் போடுகிற கிரீஸ் டப்பா இருந்தது. கிரீஸ் என்றால் கிரீஸ்தானே என்று பின்னைத் துடைத்துவிட்டுத் தாராளமாக அப்பி மாட்டிவிட்டேன். பழைய பேட்களையே திரும்பப் போட்டேன், 3 மி.மீ. இன்னும் கொஞ்ச நாள் தாங்கும் என்று ஒரு கஞ்சத்தனம். மறுநாள் சூடு இல்லை. எனக்கு ஒரே பெருமை.

நாலு மாதம் கழித்து அதே சக்கரத்தில் கீச்சென்று சத்தம். பேட் தேய்ந்து எச்சரிக்கைத் தகடு டிஸ்க்கைத் தொட ஆரம்பித்திருந்தது. கழற்றிப் பார்த்தால் பின்னை மூடுகிற ரப்பர் பூட் ஊதிப்போய்த் தளதளவென்று இருக்கிறது, விளிம்பு அதன் பள்ளத்திலேயே உட்காரவில்லை, அந்த இடைவெளியில் தண்ணீர் போய்ப் புதுத் துரு. ஒரு பின்னின் நுனியில் சின்ன ரப்பர் புஷ் ஒன்று உண்டு, அதுவும் ஊதித் துளைக்குள் அடைத்துக்கொண்டது. பிரேக்கில் வருகிற ரப்பர் பெரும்பாலும் ஈ.பி.டி.எம் வகை. கிளைகால் அடிப்படையிலான பிரேக் ஆயில் பட்டால் அதற்கு ஒன்றும் ஆகாது, பெட்ரோலிய எண்ணெய் பட்டால் உறிஞ்சி ஊதிவிடும். துருவைத் தடுக்கத் தடவியதே துருவுக்குக் கதவைத் திறந்துவிட்டது.

இரண்டாவது தடவை முன்சக்கரங்கள் இரண்டுக்கும் புதுப் பேட், புது பூட், பிரேக்குக்கென்றே வருகிற சிலிக்கான் கிரீஸ். ஒரு பின்னில் துரு தின்று குழி விழுந்திருந்தது, அதைத் தேய்த்து ஒப்பேற்றாமல் மாற்றிவிட்டேன். துளையைப் பிரேக் கிளீனரும் துணியும் வைத்து, துணியில் கறை வராத வரைக்கும் துடைத்தேன், பழைய கிரீஸ் மேல் புதுசைப் பூசினால் பிரயோசனமில்லை. புஷ் உள்ள பின் மேலேயா கீழேயா என்பது வண்டிக்கு வண்டி மாறும், அதனால் கழற்றும் முன்பே போட்டோ எடுத்து வைத்தேன். கிரீஸை மெல்லிய படலமாக மட்டும் தடவினேன். துளையின் அடியில் நிறைய தேங்கினால் பின்னை உள்ளே தள்ள முடியாது, தள்ளினாலும் சிக்கிய காற்று அதைத் திரும்ப வெளியே தள்ளும். பூட் விளிம்பை விரலால் கொஞ்சம் நெம்பிக் காற்றை வெளியேற்றிய பிறகு பின் போன இடத்திலேயே நின்றது.

பேட்டின் காதுகள் (இரண்டு ஓரத்திலும் நீட்டிக்கொண்டிருக்கிற நுனிகள்) உட்காருகிற இடத்தையும் விடக்கூடாது. அங்கே எஃகுக் கிளிப்புக்கு அடியில் துரு பொருமி, கிளிப்பை மேலே தூக்கி, பேட்டை இறுக்கியிருந்தது. ஒயர் பிரஷ், அப்புறம் அரம். பிரேக் தூசியை ஊதாமல் கிளீனர் அடித்து ஈரமாகவே துடைத்தேன். காதுகளில் பிரேக்குக்கான செராமிக் கிரீஸ் துளி. டிஸ்க்கிலோ பேட் முகத்திலோ கிரீஸ் படவே கூடாது, அதனால் அந்த விரலோடு வேறெதையும் தொடவில்லை.

கழற்றிய கேலிப்பரை பிரேக் ஆயில் வருகிற ஓஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வைத்தேன். புதுப் பேட் தடிமன் என்பதால் பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டியிருந்தது. தள்ளியபோது மேலே பிரேக் ஆயில் டப்பாவில் ஆயில் ஏறி வழிந்தது. பெயின்ட்டை அரித்துவிடுமே என்று ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்றினேன். பின்சக்கரங்களைத் தொடவில்லை. என் வண்டியில் ஹேண்ட்பிரேக் அந்த கேலிப்பருக்குள்ளேயே இருக்கிறது, பிஸ்டனை அழுத்தித் தள்ளினால் உடையும், திருகித்தான் உள்ளே இறக்க வேண்டும், அதற்கான கருவி என்னிடம் இல்லை.

போல்ட்டுகளை மேனுவலில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்கினேன். வண்டியை நகர்த்தும் முன் பெடலை அழுத்தினேன், முதல் மிதி தரை வரை போனது, நாலாவது மிதியில்தான் கெட்டியானது. அதை மறந்துவிட்டு வண்டியை எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை.

இப்போது 5000 கி.மீ. ஓடியாகிவிட்டது. நேற்று மறுபடி திறந்தேன். இடது பக்கம் உள் பேட்டுக்கும் வெளிப் பேட்டுக்கும் அரை மி.மீ. கூட வித்தியாசமில்லை, இரண்டு பின்னும் இரண்டு விரலில் நகர்கின்றன. வலது பக்கத்தில் கீழ்ப் பின் மட்டும் லேசாகத் தயங்குகிறது. பூட்டில் ஊசிமுனை அளவுக்கு ஒரு கிழிசல், மாட்டும்போது ஸ்க்ரூடிரைவரால் நான் குத்தியதாகத்தான் இருக்கும். புது பூட் வந்ததும் அதை மாற்ற வேண்டும்.