பழைய அலுமினிய ஸ்னேர் ட்ரம்

நல்லூரில் நண்பரின் வீட்டு விறாந்தையில் நேற்று மாலை, கனடாவிலிருந்து வந்த அவருடைய மாமா கொடுத்த லுட்விக் நிறுவனத்தின் பழைய அக்ரோலைட் ஸ்னேர் ட்ரம் (அடித்தோலில் கம்பிகள் பூட்டிய சிறு முரசு) ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தோம். 1960களில் மாணவர்களுக்கென மலிவாக வெளியிடப்பட்ட இந்த ட்ரம், அதே நிறுவனத்தின் புகழ்பெற்ற சுப்ராஃபோனிக் ட்ரம்மிற்குரிய மூட்டில்லாத அலுமினிய உடலையே கொண்டது. அதில் ஒவ்வொரு பக்கத்துத் தோலையும் இறுக்கும் திருகுகள் பத்து, இதில் எட்டு, உடலில் குரோம் பூச்சும் இல்லை. பூச்சில்லாததைக் குறையென்று நான் ஒப்பமாட்டேன், ஏனெனில் பழைய சுப்ராஃபோனிக்குகளில் அலுமினியத்தின் மேலுள்ள குரோம் கொப்பளித்து உரிவதுண்டு. எங்கள் உப்புக்காற்றில் கேட்கவே வேண்டாம்! பெயருக்காக இரட்டிப்புக் காசு கொடுப்பது எனக்கு உவப்பானதன்று. துருவேறிய அடிக்கம்பிகளை மாற்றி, மேல்தோலை இறுக்கி, விளிம்போரம் குச்சியால் மெல்லத் தட்டியபோது, கூர்மையான, ஆயினும் காதைக் குத்தாத ஓசை எழுந்தது. அயல்வீட்டு நாய்தான் அதை இரசிக்கவில்லை.