டாங்க் என்றால் முதலில் குளம்

மன்னாரில் படித்த எல்லாருக்கும் கட்டுக்கரைக் குளம் தெரியும். ஆனால் ஆங்கில வரைபடத்தில் அது ஜயன்ட்ஸ் டாங்க் என்றுதான் இருக்கும், அதைப் பார்க்கிற எங்கள் லண்டன் பிள்ளைகள் ஏதோ பெரிய யுத்த தாங்கி என்றே நினைக்கிறார்கள்.

அவர்களைச் சொல்லி என்ன, எங்கள் வகுப்பிலேயே அப்படித்தான். ஆங்கிலம் படிப்பித்த மாஸ்டர் வரைபடத்தைக் காட்டி "டாங்க் எண்டால் என்னடா?" என்று கேட்க, பின்வாங்கில் இருந்தவன் "ஆமிக்காரன்ர தாங்கி, சேர்" என்றான். எங்கள் காலம் அது. மாஸ்டர் சிரிக்கவில்லை, ஏசவும் இல்லை. கரும்பலகையில் ஒரு குளக்கட்டு, அதன் நடுவில் வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் துருசு, ஓரத்தில் மிஞ்சிய தண்ணீர் வழிந்து வான் பாயும் இடம், கீழே வயல் என்று ஆறுதலாக வரைந்து முடித்து, கையிலிருந்த சோக்குத் தூளைத் தட்டிவிட்டு, "இதுதான்டா முதல் டாங்க், மற்றது பிறகு வந்தது" என்றார்.

அவர் சொன்னது முழு உண்மை. 17ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேயர் குளத்தையும் நீர்த்தேக்கத்தையும் இந்தப் பெயரால்தான் எழுதினார்கள். குஜராத்தி, மராத்தியில் நீர்த்தொட்டிக்கு இருக்கும் சொல்லிலிருந்து எடுத்தார்களா, போர்த்துக்கேயரின் 'டாங்க்கே'யிலிருந்து எடுத்தார்களா என்று அகராதிக்காரர் இன்னும் வாதாடுகிறார்கள். எங்கள் 'தடாகம்' வந்த சமஸ்கிருதச் சொல்லோடு உறவு சொல்பவர்களும் உண்டு. எந்தப் பக்கம் போனாலும் பொருள் தண்ணீர்தான்.

சரி, இரும்பு வாகனத்துக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது? முதலாம் உலகப் போரில் பிரித்தானியர் லிங்கன் நகரத் தொழிற்சாலை ஒன்றில் அதை இரகசியமாகச் செய்தார்கள். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால் மெசப்பொத்தேமியாவுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் வண்டி என்று கதைவிட்டார்கள். 1915 டிசம்பரில் அந்தக் கதைக்குப் பொருத்தமாகப் பெயரும் வைத்தார்கள், 1916 செப்டம்பர் 15இல் பிரான்சின் சொம் போர்முனையில் அது முதன்முதலாகக் களமிறங்கியது. மறைப்புக்கு வைத்த பெயர் அப்படியே நிலைத்துவிட்டது, எனக்கு இது இன்றும் பொறுக்கவில்லை. கையில்லாத சட்டைக்கு டாங்க் டொப் என்று வந்ததும் தண்ணீரால்தான், அமெரிக்காவில் நீச்சல் தடாகத்தை டாங்க் என்றதால் நீச்சலுடைக்கு அந்தப் பெயர் போய், அதிலிருந்து சட்டைக்கு வந்தது.

எங்கள் குளத்தைத் தாதுசேன மன்னன் கட்டியதாகச் சொல்வார்கள், அப்படியென்றால் 5ஆம் நூற்றாண்டு. அருவியாற்றைத் தேக்கம் அணையில் மறித்து வாய்க்கால் வழியே தண்ணீரைக் கொண்டுவந்திருக்கிறார்கள், அந்தத் தண்ணீரில்தான் காலபோகம் என்ற மாரிகால நெல் விளைகிறது. அடுத்த முறை பிள்ளைகளோடு ஊருக்குப் போகிறவர்கள் மடு மாதா கோவிலுக்குப் போய்விட்டுத் திரும்பிவிடாமல் அவர்களைக் குளக்கட்டில் ஏற்றி, துருசு எது, வான் எது என்று காட்டுங்கள். நல்ல மழை பெய்த வருடமென்றால் மார்கழி, தையில் வான் பாய்வதையும் பார்க்கலாம்.